பாலியஸ்டர் என்று ஒப்புக்கொள்ளுங்கள்

கடவுள் துணை
பெனே பிராக், செவ்வாய்

துணி வியாபாரியும் என் மனைவியின் அண்ணனுமான மதிப்பிற்குரிய ஸெலிக் அவர்களுக்கு, நஃப்தாலி எழுதுவது. தாங்கள் குடும்பத்தோடு நீடூழி வாழ வேண்டும், குறைந்தது இதற்குப் பதில் எழுதும்வரை.

தொலைபேசியில் என் குரல் கேட்டாலே வைத்துவிடுகிறீர்கள், அதனால் கடிதம். தங்கள் மகன் கல்யாணத்தில் என்னைச் சமையலறைக் கதவோரம் உட்காரவைத்ததை நான் கிளறப்போவதில்லை. கம்பளி என்று தந்த கோட்டு முதல் மழையிலேயே சுருங்கி என் விலாவுக்கு ஏறியதையும் விடுங்கள். தங்களைப் போலித் துணிக்காரர் என்று ஊரெல்லாம் சொல்லிவருகிறேன். அது உண்மையாக இருக்க வேண்டுமே என்று இன்றுதான் முதன்முதலாகப் பிரார்த்திக்கிறேன்.

தாங்கள் அன்பளித்த வெள்ளைப் படுக்கைவிரிப்பில் நேற்று ஒரு கறை. மைத்துனருக்கு எழுதும் சமாசாரம் இல்லைதான், ஆனால் துணி தங்களுடையதாயிற்றே. விலக்கா இல்லையா என்று தீர்ப்புக் கேட்க, விரிப்போடு நம் மதகுரு ரப்பியிடம் ஓடினேன். அவர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ரத்தந்தாம்ப்பா, அளவும் பெருசு. கலர்த் துணின்னா விட்டுடலாம், இது வெள்ளை. என்ன துணி?"

"பருத்தின்னு சொல்லித்தான் குடுத்தாரு."

"பருத்தின்னா உன் வீட்டுக்காரி விலக்கு. நைலான், பாலியஸ்டர்னா கறை கணக்கிலயே வராது, நிம்மதியாப் போ."

வியாழக்கிழமை எங்கள் இருபதாவது திருமண நாள். திபேரியாவில் ஏரியைப் பார்த்த அறை, பிள்ளைகளைக்கூட அக்கம்பக்கத்தில் பிரித்துக் கொடுத்தாயிற்று. விலக்கு என்றால் அவள் ஏழு சுத்த நாள் எண்ணி முழுக்குப் போடும்வரை விரல்கூடப் படக்கூடாது, உப்புக் கிண்ணத்தைக்கூட மேசையில் வைத்துத்தான் எடுக்க வேண்டும். வீட்டுக்கு ஓடிவந்து, "ப்ரைன்டல், உங்கண்ணன் ஃப்ராடு, தப்பிச்சோம்!" என்றேன்.

"எங்கண்ணன் குடுத்தா அது சுத்தப் பருத்தி!"

"உனக்குத் திபேரியா வேணுமா, அண்ணன் மானம் வேணுமா?"

"மானந்தான். நீங்க வேணா அந்தக் கோட்டைக் கூட்டிக்கிட்டுப் போங்க."

ஆகவே, "அது பாலியஸ்டர், நான் ஏமாற்றினேன்" என்று ஒரே வரி எழுதி, இதைக் கொண்டுவருபவரிடமே கொடுத்தனுப்புங்கள். ரப்பியைத் தவிர ஒருவருக்கும் காட்டமாட்டேன். இனி ஊரெல்லாம் தங்களை யோக்கியர் என்றே சொல்வேன்.

தங்கள் மனைவியாருக்கு என் வணக்கம். தங்கள் கடை கலப்படத்தோடு செழிக்கட்டும்.

இப்படிக்கு,
நஃப்தாலி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ரப்பி ஆளனுப்பிவிட்டார். நான் அவரிடமே விட்டுவந்த விரிப்பில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்த்தாராம். உருகவில்லை, பஞ்சுபோல் எரிந்து சாம்பலாகிவிட்டதாம். சுத்தப் பருத்தி. ப்ரைன்டல் என் கை எட்டாத தூரத்தில் நின்று வெற்றிப் பாட்டுப் பாடுகிறாள். கோட்டுக்காக உங்களை மன்னித்திருப்பேன், சமையலறைக் கதவுக்காகவும் மன்னித்திருப்பேன். நீங்கள் யோக்கியராக இருந்ததை மட்டும் சாகும்வரை மன்னிக்கமாட்டேன்.