மன்னர் முகமும் புளியங்கொட்டையும்

முத்துவேலி நாட்டு மகாராஜா மீசைவர்மருக்கு வெகுநாளாக ஒரு மனக்குறை. நாணயத்தில் அவருடைய மீசை முழுதாக அடங்கவில்லை. எனவே அகலமான தாளில் தம் திருமுகத்தை அச்சடித்து, இனி இதுவே பணம் என்றார். நாடே மகிழ்ந்தது. மகிழ வேண்டும் என்று உத்தரவும் இருந்தது.

மீன்காரி பவளக்கொடிக்குத்தான் வந்தது வில்லங்கம். முதல் தாளை நான்காக மடித்து அவள் இடுப்பில் செருகியதுமே காவலர் பிடித்து மிரட்டினார்கள். மன்னர் முகத்தை மடிப்பது ராஜநிந்தனையாம். பிறகு, ஈரக்கையால் தொடக்கூடாது என்று பறையறைந்தார்கள். மீன் விற்பவளுக்கு உலர்ந்த கை ஏது, பாவம்!

அதுவும் போதாதென்று மகாமந்திரி வீரசிகாமணி சந்தைக்கே வந்து முழங்கினார்.

"மன்னரைக் கொடுத்து மீன் வாங்கினால், மீன் மன்னரைவிட உயர்ந்தது என்று ஆகிறது. பணத்தைச் செலவழிக்கத் தடையில்லை. ஆனால் அது துரோகம்."

மக்கள் பணத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி, மாலை சாத்திக் கும்பிட்டார்கள். வியாபாரம் படுத்துவிட்டது. பவளக்கொடியின் கூடையில் மீன் நாறியது, வீட்டில் அவள் பெண் பிள்ளைகள் இருவரும் பசியோடு சுருண்டு கிடந்தார்கள். அவள் அரிசிக்கடைச் செங்கோடனிடம் போனாள். குழம்புக்குக் கரைத்த புளியில் மிஞ்சிய கொட்டை ஒன்றில் தன் அடையாளமாகக் கத்தியால் ஒரு மீனைக் கீறி நீட்டினாள்.

"இத வச்சுக்கண்ணே. எப்பக் கொண்டாந்தாலும் மீன் தர்றேன்."

பழைய மீனைப் புதுமீன் என்று ஒருநாளும் அவள் விற்றதில்லை. அது ஊருக்கே தெரியும். செங்கோடன் அரிசி அளந்தான். அந்தக் கொட்டையைக் கொடுத்து எண்ணெய் வாங்கினான். எண்ணெய்க்காரர் அதற்குப் பானை வாங்கினார். கொஞ்ச நாளில் பவளக்கொடியின் கொட்டைகள் ஊரெல்லாம் சுற்றின. காவலர்கூட லஞ்சத்தைக் கொட்டையாகவே கேட்டார்கள்.

அரண்மனைச் சமையலில் மீன் நின்றுபோனது. மகாமந்திரியே வெள்ளித்தட்டில் பணத்தாள்களை ஏந்தி வந்தார். பவளக்கொடி செருப்பைக் கழற்றிவிட்டுத் தட்டை விழுந்து கும்பிட்டாள்.

"ஒரு வஞ்சிரத்துக்குப் போயி ராசாவக் குடுக்கலாமாய்யா? அந்தப் பாவம் எனக்கு வேணாம். கொட்டை இருந்தாக் குடுங்க."

மகாமந்திரி அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு மடியிலிருந்து கொட்டையை எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் மறுபடி பறை. இனி ஒவ்வொரு புளியங்கொட்டையிலும் மன்னர் முகம் பொறிக்கப்படும், மீசை உட்பட.

பவளக்கொடி வெளியில் இருந்த தன் கொட்டைகளுக்கெல்லாம் மீனைக் கொடுத்து வாக்கைக் காப்பாற்றினாள். பிறகு, நிறையக் கொட்டை உள்ள சீத்தாப்பழம் வாங்கச் சந்தைக்குப் போனாள்.

அங்கே பழக்கடைமுன் பாதி ஊர் நின்றிருந்தது. வரிசையில் முதல் ஆளாக மகாமந்திரி.