சிலிப்பு பாயும் காணாமல் போன மூன்று ஓட்டும்

ஓட்டுக் கேட்டு வருகிறவர்களில் நான் பார்க்காத ரகம் கிடையாது. கும்பிட்டவன், காலில் விழுந்தவன், என் மில்லுக்குள் வந்து தவிட்டு மூட்டையைத் தோளில் வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு மூட்டையை அங்கேயே போட்டுவிட்டுப் போனவன், எல்லாரையும் பார்த்தாச்சு. ஆனால் யாருக்கும் ஓட்டுக் கேட்காமல், 'ஓட்டுப் போடுங்க' என்று மட்டும் கேட்டுக்கொண்டு வீடு வீடாக அலைந்த மனுஷன் இந்தக் காவிரிப் பக்கம் முழுக்க ஒரே ஆள்தான். எங்கள் சிலிப்பு பாய். இன்னொருத்தர் இருந்தால் கொண்டுவந்து நிறுத்துங்கள், என் ரைஸ் மில்லை எழுதி வைக்கிறேன்.

மில் என்று சொன்னதால் என்னைப் பற்றியும் இரண்டு வார்த்தை. அஞ்சாங்கிளாஸோடு நின்றவன் நான். எங்கப்பா ஆண்டை காட்டின சின்னத்தில் குத்திவிட்டு, குத்தினேன் என்று ஆண்டையிடம் போய்ச் சொல்லிவிட்டும் வந்தவர். அவர் மகன் நான், நெல் மூட்டை தூக்கின தோளாலேயே மேலே வந்து, மில் வைத்து, பஞ்சாயத்தில் இரண்டு தடவை வார்டு மெம்பராக ஜெயித்தேன். வலங்கைமான் பக்கம் வந்து விசாரித்தால் சொல்வார்கள். ஊர்ப் பேரை மட்டும் எழுத மாட்டேன். எழுதினால் இப்போதைய கவுன்சிலர் கோவித்துக்கொள்வார்.

பாய் துபாயிலிருந்து திரும்பி எங்கள் தெரு முனையில் மிக்ஸி ரிப்பேர் கடை போட்டவர். இருபத்திரண்டு வருஷம் துபாயில் இருந்தார். மீசை முளைத்ததும் போனவர், மீசை நரைத்ததும் வந்தார். நடுவில் லீவில் வந்தபோதெல்லாம் ஒன்று தேர்தல் முடிந்திருக்கும், இல்லையென்றால் இவர் விமானம் ஏறின மறு வாரம் வரும். திரும்பி வந்து நடந்த முதல் தேர்தலுக்கு, வெள்ளைச் சட்டை போட்டு, அத்தர் பூசி, அடையாள அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு காலையிலேயே போனார். அட்டை பளபளவென்று இருந்தது. லிஸ்டில் பேர் இல்லை. அன்றைக்குப் பூத் மூடுகிறவரை பள்ளிக்கூட வாசலிலேயே நின்றுவிட்டு வந்தாராம்.

அன்றைக்குப் பிடித்தது அந்தக் கிறுக்கு. எந்த வாக்காளர் பட்டியல் வந்தாலும் ஒரு நகல் அவர் அக்குளில் இருக்கும். பூத் சிலிப் கொடுக்க ஆபீஸ்காரர்கள் வந்தால் அவர்களுக்கு முன்னால் இவர் நடப்பார், அதில் ஒட்டின பேர்தான் சிலிப்பு. "கார்டு வச்சிருக்கேன், கார்டு வச்சிருக்கேன்னு ஆட்டாதீங்க. லிஸ்ட்ல பேரு இருக்கான்னு பாருங்க" என்பதுதான் அவருடைய வணக்கம், நலமா, எல்லாம். 

கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு, "பொண்ணு பேரை நம்ம வார்டுக்கு மாத்த எட்டாம் நம்பர் பாரம் கொடுத்தாச்சா?" என்பார். பதினெட்டு வயது ஆனவர்களுக்கு ஆறாம் நம்பர் பாரம். துக்க வீட்டுக்கு ஏழாம் நம்பரோடு வருவார், பேரை நீக்க. ஒரு தடவை என் வீட்டுக்காரி சண்டைக்கே போய்விட்டாள்.

"ஏன் பாய், எழவு வீட்டுக்கும் பாரமா? மாலை வாங்கிட்டு வரக் கூடாதா?"

"மாலையும் இருக்கு தங்கச்சி. பேரை எடுக்காம விட்டா செத்தவரு சாயங்காலம் நாலு மணிக்கு வந்து ஓட்டுப் போட்டுட்டுப் போயிடுவாரு. அது அவருக்கும் மரியாதை இல்ல பாருங்க."

அவள் சிரித்துவிட்டாள். துக்க வீட்டில் சிரித்ததற்கு என்னிடம் திட்டும் வாங்கினாள்.

இப்படி ஊர் முழுக்க ஓட்டை ஒழுங்கு பண்ணினவருக்கு உள்ளே ஒரே ஒரு ஏக்கம். இவர் தனக்குக் கொடுத்த பாரம் மட்டும் ஒவ்வொரு தடவையும் எதையாவது சொல்லித் திரும்பி வந்துவிடும். தன் தெருவில், தன் வார்டில், ஒரு தடவையாவது தன் ஓட்டைப் போட்டுவிட வேண்டும். "அம்பது வயசு தாண்டிடுச்சுண்ணே. இன்னும் என் விரல்ல மை பட்டதில்ல" என்று இடது கை விரலைக் காட்டுவார். குழந்தை இல்லாதவர்கள் அடுத்தவர் குழந்தையைப் பார்ப்பார்களே, அப்படி மற்றவர்கள் விரலைப் பார்ப்பார்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தெருவை நகராட்சியோடு சேர்த்தார்கள். பஞ்சாயத்தில் படுத்தோம், நகராட்சியில் எழுந்தோம். தேர்தலும் அறிவித்தார்கள். பாய் ஓடி ஓடிப் பார்த்து, இந்தத் தடவை தன் பேர் லிஸ்டில் இருக்கிறதென்று தெரிந்ததும் கடையில் இருந்த அத்தனை மிக்ஸியையும் ஒரே நேரத்தில் ஓட்டிவிட்டார். தெருவே வெளியே வந்து பார்த்தது.

இங்கேதான் நான் வருகிறேன். பஞ்சாயத்துத் தேர்தல் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு ஆளுக்கு நாலு ஓட்டு. வார்டு மெம்பருக்கு ஒன்று, தலைவருக்கு ஒன்று, ஒன்றியத்துக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று. நாலும் நாலு கலர் சீட்டு. ரெண்டு தடவை மெம்பரானவனுக்கு இது தெரியாதா? மில் களத்தில் எங்கள் தெரு ஜனத்தைக் கூட்டி உட்கார வைத்து, "நாலு ஓட்டு. நாலையும் போடாம எவரும் வெளியில வரக் கூடாது" என்று சொல்லிவிட்டேன்.

பாய் கையை உயர்த்தினார். "அண்ணே, அது பஞ்சாயத்து. நகராட்சியில ஆளுக்கு ஒரு ஓட்டுதான். நம்ம வார்டு கவுன்சிலருக்கு மட்டும். சேர்மனைக் கவுன்சிலருங்க கூடித் தேர்ந்தெடுப்பாங்க. நமக்கு ஒரு மிசினு, ஒரு பட்டன், ஒரு தடவை."

"ஏன் பாய், சின்ன ஊருக்கு நாலு ஓட்டு, பெரிய ஊருக்கு ஒண்ணா? கணக்கு இடிக்குதே."

"இடிச்சாலும் அதுதாண்ணே சட்டம்."

"துபாய்ச் சட்டமா?"

ஜனம் கொல்லென்று சிரித்தது. பாயும் சேர்ந்து சிரித்தார். நான் ஜெயித்துவிட்டேன். அந்த ஜெயத்தை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

தேர்தல் அன்று காலையில் பள்ளிக்கூடத்தில் முதல் ஆளாக உள்ளே போனது வெற்றிலைக்கடை ராஜம்மாள். மை வைத்தார்கள், பட்டனை அழுத்தியது, பீப் என்று நீளமாகச் சத்தம் வந்தது. ராஜம்மாள் அட்டை மறைப்பை விட்டு நகரவில்லை.

"முடிஞ்சுதும்மா, வாங்க" என்றாராம் பூத்தைக் கவனித்த டீச்சரம்மா.

"எங்க முடிஞ்சுது? மத்த மூணு எங்க?"

"ஒண்ணுதாம்மா."

"மில்லு முதலாளி நாலுன்னு சொன்னாரு. ஏமாத்தப் பாக்குறீங்களா? மூணு வர்ற வரைக்கும் நான் இங்கதான் நிப்பேன்."

கியூ அப்படியே நின்றது. வெளியே செய்தி போகப் போகப் பருத்தது. 'மூணு ஓட்டைக் காணோமாம்', 'மூணையும் நேத்தே போட்டுட்டாங்களாம்', 'மேலத்தெருக்காரங்களுக்கு மட்டும் நாலாம்' என்று தெருவே கொதித்தது. பாதிப் பேர், நாலும் கொடுத்தால்தான் போடுவோம் என்று வீட்டுக்குத் திரும்ப ஆரம்பித்துவிட்டார்கள்.

பாய் கியூவில் எட்டாவது ஆளாக நின்றிருந்தார். அதே வெள்ளைச் சட்டை, அதே அத்தர். கலைந்து போகிற கூட்டத்தைப் பார்த்தார், முன்னால் நின்ற ஏழு பேரைப் பார்த்தார். கியூவை விட்டு வெளியே வந்துவிட்டார்.

பூத்திலிருந்து தள்ளி சுண்ணாம்புக் கோடு போட்டிருப்பார்கள், கட்சிக்காரர்கள் தாண்டக் கூடாதென்று. அந்தக் கோட்டுக்கு வெளியே, செத்துப்போன மிக்ஸி ஒன்றில் பட்டன் வைத்துக் காலிங் பெல் பொருத்தித் தானே செய்த மிசினைக் கடையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து நின்றார். வருகிறவர், போகிறவர், கோவித்துக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்தவர் ஒவ்வொருத்தரையும் பிடித்து, "ஒரு பட்டன். ஒரு சத்தம். அவ்வளவுதான். அந்த ஒண்ணையும் விட்டுட்டா கையில என்ன இருக்கு?" என்று உச்சி வெயிலில் நின்று சொன்னார். ராஜம்மாளை வெளியே கொண்டுவந்ததும் அவர்தான். ஜன்னலுக்கு வெளியிலிருந்து, "அக்கா, நீங்க அழுத்தினீங்களே, அது நாலு ஓட்டுக்குச் சமம்" என்றாராம். சட்டத்துக்காக அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே பொய்.

நான் எங்கே இருந்தேன் என்று கேட்கிறீர்களா? மில்லுக்குள், தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால். செய்தி காலையிலேயே வந்துவிட்டது. எந்த முகத்தோடு வெளியே வருவது?

பூத் மூடக் கொஞ்ச நேரம் இருக்கும்போது, ஓட்டுப் போடாமல் இருந்தால் அப்பா ஆவி மன்னிக்காது என்று புறப்பட்டுப் போனேன். கோட்டருகே பாய் உட்கார்ந்திருந்தார். தொண்டை போய்விட்டது. மிசினில் பேட்டரியும் போய்விட்டது. திட்டுவார் என்று நினைத்தேன்.

"வாங்கண்ணே. தெருவுல உங்க பேரு ஒண்ணுதான் பாக்கி" என்றார் காற்றாக.

அவர் இடது கையைப் பார்த்தேன். விரல் சுத்தமாக இருந்தது.

"பாய்! நீங்க போடலையா?"

"போடணும்ணே. உங்களை அனுப்பிட்டுப் போகலாம்னு..."

எனக்கு வந்ததே ஆத்திரம். மூட்டை தூக்கின கை சும்மா இருக்குமா? அவரை ஒரு கையில், மிசினை ஒரு கையில் இழுத்துக்கொண்டு ஓடினேன். போலீஸ்காரர் கேட்டைச் சாத்தப் போகும்போது உள்ளே விழுந்தோம். மிசினைப் போலீஸ்காரர் பிடுங்கி வெளியே வைத்தார். நேரம் முடிகிறபோது கியூவில் நிற்கிறவர்களுக்கு டோக்கன் கொடுப்பார்கள், அதையும் வாலிலிருந்து ஆரம்பித்துக் கொடுப்பார்கள், நடுவில் யாரும் வந்து சேர்ந்துகொள்ளக் கூடாதென்று. எனக்கு ரெண்டாம் நம்பர். கடைசியாக நின்ற பாய்க்கு ஒன்றாம் நம்பர்.

"பாத்தீங்களாண்ணே, கடைசி ஆளுக்கு முதல் நம்பர்" என்று அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எத்தனை நல்ல சட்டம்."

உள்ளே அவர் பேரை உரக்கப் படித்தார்கள். அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் அவருடைய முழுப் பேரைக் கேட்டேன். மை வைக்கும்போது தடுப்பூசி போட்டுக்கொள்கிற பிள்ளை மாதிரி கண்ணை மூடிக்கொண்டார். மறைப்புக்குப் பின்னால் போனார். சத்தமே வரவில்லை. ஊருக்கெல்லாம் பட்டன் அழுத்தக் கற்றுக்கொடுத்த மனுஷன்!

"ஐயா, அழுத்துங்க" என்றார் டீச்சரம்மா.

"அழுத்துறேம்மா. கொஞ்சம் பாத்துக்கிறேன்."

அப்புறம் பீப் வந்தது. வெளியே வந்து என் தோளில் கை வைத்தார், அவ்வளவுதான். அந்த மை போகிறவரை, தொழுகைக்குக் கை கால் கழுவும்போது கூட அந்த விரலை மட்டும் அழுத்தித் தேய்க்கவில்லை என்று அவரே சொன்னார்.

நாலு ஓட்டு விஷயத்தை அவர் ஒரு தடவை கூட என்னிடம் எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம். எடுத்திருந்தால் ஒரு சண்டை போட்டு ஆற்றிக்கொண்டிருப்பேன்.

போன வருஷம் அவருக்குக் கண் மங்கிவிட்டது. மிக்ஸிக்குள்ளே கம்பி தெரியவில்லை. கோயம்புத்தூரிலிருந்து மகள் வந்து, தனியாக இருக்க வேண்டாம் அத்தா என்று கூப்பிட்டது. கடையைக் காலி பண்ணுகிற அன்று ஒரு பாரத்தை எடுத்துக்கொண்டு என் மில்லுக்கு வந்தார். பேரை இங்கிருந்து மகள் வீட்டு விலாசத்துக்கு மாற்றுகிற பாரம்.

"என்ன பாய் இது? பேரு இங்கேயே கிடக்கட்டும். யாரு கேக்கப் போறா? எலெக்ஷன் அன்னைக்கு நான் கார் அனுப்புறேன், வந்து ஜம்முனு போட்டுட்டுப் போங்க."

"எங்க படுத்து எந்திரிக்கிறோமோ அங்கதாண்ணே ஓட்டு."

"ஒரே ஒரு தடவைதானே பாய் இங்க போட்டிருக்கீங்க. அதுக்காகவா இத்தனை வருஷம் கிடந்தீங்க?"

பாரத்தை என் பக்கம் நகர்த்தினார். "இருவத்திரண்டு வருஷம் அங்க படுத்துக்கிட்டு மனசை இங்க வச்சிருந்தேன். மனசை அப்படி வைக்கலாம்ணே. ஓட்டை வைக்க முடியாது. எனக்குக் கண்ணு தெரியல. நீங்க எழுதுங்க."

எழுதினேன். ஒவ்வொரு எழுத்தாக. புது விலாசத்துக்கு வந்தபோது பின்கோடில் வேண்டுமென்றே ஒரு எண்ணை மாற்றிப் போட்டேன். பாரம் தள்ளுபடியாகிவிடும், பேர் இங்கேயே இருக்கும் பாருங்கள்.

"வாசிங்கண்ணே" என்றார். சரியான எண்ணையே வாசித்தேன்.

"நினைக்கிறதை வாசிக்காதீங்க. எழுதினதை வாசிங்க."

அடித்துவிட்டுச் சரியாக எழுதினேன். மறுநாள் அவரை ரயில் ஏற்றிவிட்டு, தாலுகா ஆபீசுக்கு நானே கொண்டுபோனேன். என் எழுத்து என்ன எழுத்து, கோழி கிண்டின மாதிரி இருக்கும். மில் கணக்கப்பிள்ளை தலையில் அடித்துக்கொள்வார், பெற்ற மகனே நான் எழுதினதை என்னிடமே கொண்டுவந்து கேட்பான். படிக்க முடியாமல் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்று ஒரு நப்பாசை. தாலுகா ஆபீசில் இருந்த அந்தப் புண்ணியவானுக்கு மட்டும் ஒரே பார்வையில் எல்லாம் புரிந்துவிட்டது.