நாற்பத்தொரு தேங்காய்

உலகத்தின் எந்த மூலையில் எந்தக் கலகம் வெடித்தாலும், முந்தின வாரமே அதற்கு ஒத்திகை பார்த்து முடித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு காத்திருக்கக்கூடிய ஒரே மனிதர் எங்கள் ரிஹர்சல் பாபுதான். நாளைக்குப் பிரளயம் என்று சொல்லுங்கள். நீங்களும் நானும் அழுவோம். அவர், பிரளயத்துக்கு எத்தனை படிவம் வேண்டியிருக்கும், அதில் எத்தனை நனையும் என்று கேட்பார்.

போர்ட் பிளேரில் எங்கள் ஆபீஸின் ஹெட் கிளார்க் அவர். தேவகோட்டைப் பக்கத்துக்காரர். சொந்தப் பெயர் சர்வீஸ் புத்தகத்துக்கு மட்டுமே தெரியும். குமாஸ்தா என்றால் வங்காளிகளுக்கு 'பாபு'. எங்கள் பாபுவுக்கு ஒத்திகைப் பைத்தியம். இரண்டும் சேர்ந்து அந்தப் பெயராயிற்று.

பைத்தியம் பிடித்த கதையைச் சொல்கிறேன். பர்மாவில் நம்மவர்கள் கடை கண்ணியை இழந்து, மூட்டை கட்டிக்கொண்டு கப்பலுக்கு வரிசையில் நின்ற காலம். வெளிநாட்டில் கலகம் என்றால் நம் ஜனங்களை எப்படிக் கூட்டி வருவது, எங்கே இறக்குவது, எத்தனை பானை கஞ்சி காய்ச்சுவது என்று முன்கூட்டியே திட்டம் போடுவதற்கென்று டெல்லியில் ஒரு மேலிடம் இருந்தது. பெயர் வேண்டாம், மேலிடம் என்றே வைத்துக்கொள்வோம். அங்கிருந்து ஒரு தடித்த உறை வந்தது. 'ஒரு பகுதியினரை அண்டமானில் இறக்க நேரலாம். ஆயத்தம் செய்க.' எங்கள் மேலதிகாரி சாஹிப், மடியில் ஏறிய பூனையைத் தள்ளுவதுபோல் அதைப் பாபு பக்கம் தள்ளினார்.

பாபு அதை அணைத்துக்கொண்டார். காரணம் இருந்தது. அவருடைய ஒரே தங்கையை பர்மாவில் மௌல்மீனில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். கடையும் போய்விட்டது. மிச்சம் அவளும் வள்ளி என்ற பெண் குழந்தையும்.

"மதராஸ் கப்பலுக்கு வரிசை ரங்கூன்லேருந்து ராமேஸ்வரம் வரைக்கும் நிக்கிது தம்பி," என்றார் என்னிடம் ஒருநாள். "நம்ம அண்டமான் லிஸ்ட்டு சின்னது. அதுல தங்கச்சி பேரச் சேக்கச் சொல்லி எழுதிருக்கேன். இங்கிட்டு ஏற்பாடு சரியா இருக்குன்னு தெரிஞ்சாத்தான் லிஸ்ட்டையே அனுப்புவாக."

சனிக்கிழமை மத்தியானங்கள் நாசமாயின. ஹாடோ துறைமுகத்து ஜெட்டி ஷெட்டில் ஒத்திகை. அகதிகள் யார்? நாங்கள்தான். தலையில் பாய், கையில் தகரப் பெட்டி, முகத்தில் சோகம். எனக்கு நிறைமாதக் கர்ப்பிணி வேஷம். வயிற்றில் தலையணை. டெஸ்பாட்ச் வேலையில் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. பி.ஏ. பட்டத்துக்கு இப்படி ஒரு பிரசவம் எழுதியிருந்தது.

"அகதி சிரிக்கக் கூடாதுய்யா!" என்று ஷெட் அதிரக் கத்துவார் பாபு. "வீடு வாசல விட்டுட்டு வந்திருக்கீக. சோகத்தக் காட்டுங்க!"

நோயாளிக்குச் சிவப்புச் சீட்டு, ஊரில் உறவு உள்ளவனுக்குப் பச்சை, ஒருவருமே இல்லாதவனுக்கு மஞ்சள். எங்கள் பியூன் அந்தோணி தூத்துக்குடிக் கடற்கரைக்காரன். பாயைச் சுமந்தபடி முன்னால் வந்தான்.

"அய்யா, எனக்கு என்ன கலரு?"

"ஒனக்கு என்ன சீக்கு?"

"பசி."

"பசிக்குச் சீட்டு இல்ல. அங்கிட்டுப் போய் நில்லு."

"சரிதான்! சீட்டு இல்லன்னா பசியும் இல்லன்னு வயித்துகிட்ட நீங்களே சொல்லுங்க அய்யா. நாஞ் சொன்னா கேக்க மாட்டேங்கு."

ஷெட்டே குலுங்கிச் சிரித்தது. என் தலையணை கீழே விழுந்தது. பாபு மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை அவர் கையிலிருந்த சீட்டுக் கட்டில் நாலாவதாக ஒரு நீலச் சீட்டு இருந்தது. மேலே கொட்டை எழுத்தில்: பசி.

மேலிடத்துக்கு அவர் எழுதிய கேள்விகள் இன்னொரு காவியம். அகதி கிளி கொண்டு வந்தால் எந்தப் படிவம்? கப்பலிலேயே குழந்தை பிறந்தால் அது வந்ததா, பிறந்ததா? எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: 'தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது.' மேலிடம் அதைத் தவிர வேறு வாக்கியம் எழுதுவதே அபூர்வம். ஒரு தடவை எழுதியது. அதுதான் வினை.

அரக்கு முத்திரை வைத்து ஒரு ரகசிய உறை வந்தது. ஜனங்களை அனுப்பும் செய்தி வெளியே கசிந்தால் கலவரமாகுமாம். அதனால் தந்தியில் மனிதர்கள் என்று போட மாட்டார்களாம். அதற்குப் பதிலாக ஒரு சங்கேதச் சொல். சாஹிபுக்கும் பாபுவுக்கும் தவிர மூன்றாவது ஆளுக்குத் தெரியக் கூடாது. சாஹிப் படித்து, பெட்டியில் பூட்டி, மறந்தும் போனார். அந்தச் சொல் எங்களுக்கெல்லாம் தெரிந்தபோது காரியம் கெட்டுவிட்டிருந்தது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தேங்காய்.

அண்டமான் என்றதும் மேலிடத்தில் யாருக்கோ தென்னை மரம் ஞாபகம் வந்திருக்கிறது. எங்கள் ஆபீஸில் அதற்கென்றே நாரியல் செக்ஷன் என்று ஒரு பிரிவு. தேங்காய், கொப்பரை, கயிறு என்று மெயின்லேண்ட் வியாபாரிகளின் தந்திகள் காலையிலிருந்து சாயங்காலம் வரை கொட்டும். இந்த ஊரில் தேங்காய் என்ற சொல்லில் ரகசியத்தை ஒளிப்பது, கடலுக்குள் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி ஒளித்து வைப்பதுபோல.

பாபு பதறிப்போய் எழுதினார்: 'இங்கே தேங்காய் என்றால் தேங்காய். சொல்லை மாற்றுங்கள்.' பதில் உடனே வந்தது. அங்கீகரிக்கப்பட்ட சொல்லை மாற்ற இயலாது. மேலும், ரகசியச் சொல்லைச் சாதாரணக் கடிதத்தில் எழுதியதற்காக எச்சரிக்கப்படுகிறீர்!

அதன் பிறகுதான் அவர் என் மேஜைக்கு வந்தார். வருகிற தந்திகளையும் கடிதங்களையும் பார்த்து, எந்தப் பிரிவுக்கு என்று நீலப் பென்சிலால் எழுதி, சுருக்கொப்பம் வைத்து அனுப்புவது என் வேலை.

"தம்பி, தேங்காய்னு எது வந்தாலும் எங்கிட்ட ஒருக்கா காட்டிட்டு அனுப்பு."

"ஏன் சார்?"

"கேக்காத."

"எல்லாத் தேங்காயுமா சார்?"

"எல்லாத் தேங்காயும்."

ஒரு மாதம் காட்டினேன். ஒவ்வொரு தந்தியையும் அவர் கண்ணாடியைக் கழற்றி, கண்ணருகில் பிடித்து, ஜாதகம்போல் படிப்பார். ஆபீஸுக்குக் கொண்டாட்டம். ரிஹர்சல் பாபு தேங்காய் வியாபாரத்தில் இறங்கிவிட்டார் என்றார்கள். தேங்காய் உடைத்தால் நல்ல சகுனம், படித்தால் என்ன என்றார்கள். நானும்தான் சொன்னேன். நாரியல் செக்ஷன் பிஸ்வாஸுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. தந்திகள் அரைநாள் தாமதமாக வருகின்றன என்று நேரே சாஹிபிடம் போனார்.

சாஹிப் பாபுவை எங்கள் முன்னாலேயே கூப்பிட்டுக் கேட்டார். "யே க்யா தமாஷா ஹை, பாபு? நாரியல் உங்க செக்ஷனா?"

பாபு என்னைப் பார்த்தார். பிஸ்வாஸைப் பார்த்தார். இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? "சாஹிப், அந்த உறை..." என்று இழுத்தார்.

"கோன்சா உறை?"

சாஹிப் என் பக்கம் திரும்பினார். "இனிமே நாரியல் தந்தி நேரா நாரியல் செக்ஷன். சமஜ்கயா?"

சமஜ்கயா, புரிந்தது. அதற்குப் பிறகு பாபு சாஹிபின் அறைக்குத் தனியாக மூன்று முறை போனதையும், மூன்று முறையும் 'பாத்மே ஆவோ', அப்புறம் வா, என்று திருப்பி அனுப்பப்பட்டதையும் பார்த்தேன். லீவு கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

பன்னிரண்டு நாள் கழித்து அந்தத் தந்தி வந்தது. ஆபீஸில் பாதிப் பேர் ஜெட்டியில் தலையில் பாயோடு நின்றிருந்தார்கள். பாபு அங்கே சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். அன்று தபால் அதிகம் என்பதால் எனக்குக் கர்ப்பத்திலிருந்து விடுமுறை. தந்தியை அனுப்பியது கல்கத்தாவில் ஏதோ ஒற்றைச் சொல் தந்தி விலாசம். எல்லா வியாபாரிகளுக்கும் அப்படித்தான் இருக்கும்.

'தேங்காய் நாற்பத்தொன்று தயார். ஏற்பு தந்தி அடிக்கவும்.'

நீலப் பென்சில் தானாக ஓடியது: நாரியல். கீழே என் சுருக்கொப்பம்.

பிஸ்வாஸ் அதைப் படித்துவிட்டு நாற்காலியோடு பின்னால் சாய்ந்து சிரித்தார். "அரே பாய், தேகோ! அண்டமானுக்குத் தேங்காய் அனுப்புறாங்களாம்! அதுவும் நாற்பத்தொண்ணு! கல்கத்தாவுல யாருக்கோ தலை கராப் ஹோகயா!" நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று சிரித்தோம். சிரித்த வாயோடு அவர் பதில் எழுதினார். 'இங்கே தேங்காய் ஏராளம். தேவையில்லை. அனுப்ப வேண்டாம்.' அதைத் தந்தி ஆபீஸுக்குக் கொடுத்தனுப்பியதும் நான்தான்.

ஆறு வாரம் கழித்து, மேலிடத்தின் கல்கத்தா கிளையிலிருந்து கடிதம் வந்தது. நீங்கள் ஏற்க மறுத்ததால் மேற்படி நாற்பத்தொருவரின் முறை ரத்தாகிறது. அவர்கள் பொது வரிசையின் கடைசியில் சேர்க்கப்படுகிறார்கள். பெயர்ப் பட்டியல் இணைப்பு.

பாபு நின்றுகொண்டே படித்தார். பட்டியலில் விரல் மெதுவாக இறங்கி, பதினேழில் நின்றது. பிறகு பதினெட்டில். தாயும் மகளும் அடுத்தடுத்த எண். அவர் கத்துவார் என்று பார்த்தேன். உட்கார்ந்தார். தந்தி அடித்தார். மறுநாளும் அடித்தார். மனு எழுதினார். பரிசீலனையில் உள்ளது, பரிசீலனையில் உள்ளது, பரிசீலனையில் உள்ளது. பரிசீலனை நடந்துகொண்டிருந்த மழைக்காலத்தில், மௌல்மீனில் ஒரு கிடங்குத் தரையில், மஞ்சள் காமாலையில் தங்கை போய்விட்டாள். பக்கத்துக் குடும்பம் ஒன்று வள்ளியை மட்டும் மதராஸ் கொண்டு வந்து சேர்த்தது.

இதற்கெல்லாம் ஒரு விசாரணை வேண்டாமா? வந்தது. கல்கத்தாவிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். எதற்கு மறுத்தீர்கள் என்று அல்ல, தந்தியைப் பிரிவு மாற்றி அனுப்பியது யார் என்று கேட்க வந்தார். திட்டத்தில் தவறு இல்லையாம். சொல்லில் தவறு இல்லையாம். ஒரு சுருக்கொப்பத்தில்தான் தவறாம். எனக்கு வேலை நிரந்தரமாகவில்லை. என் மேல் ஒரு வரி எழுதினால் அடுத்த கப்பலில் வீட்டுக்கு.

தந்தி மேஜைக்கு வந்தது. என் சுருக்கொப்பத்துக்கு மேலே, பச்சை மையில், சாய்ந்த எழுத்தில் 'பார்த்தேன்' என்று எழுதியிருந்தது. பாபுவின் கையெழுத்து. தந்தி வந்த அதே தேதி. பெரியவர் பார்த்து அனுப்பியதென்றால் சின்னவன் மேல் குற்றமில்லை.

"நீங்கள் பார்த்தீர்களா?" என்றார் அதிகாரி.

"பாத்தேன் சார். தேங்காய்னுதான் நெனச்சேன்."

அன்று முழுவதும் அவர் ஜெட்டியில் இருந்தது ஆபீஸில் பாதிப் பேருக்குத் தெரியும். அந்தோணி வாயைத் திறந்தான். பாபு அவனை ஒரு பார்வை பார்த்தார். மூடிக்கொண்டான். சாஹிபுக்குப் பழி போட ஆள் கிடைத்த நிம்மதி. பிஸ்வாஸ் தரையைப் பார்த்தார். ஒரே வாரத்தில் பாபுவுக்கு வடக்கே தூரத்தில் இருக்கும் மாயாபந்தருக்கு மாற்றல். பதவியும் ஒரு படி இறங்கியது. விசாரணை அறிக்கை திட்டத்தை மட்டும் பாராட்டியிருந்ததாகக் கேள்வி.

போன வருஷம் வேலையாக மாயாபந்தர் போனேன். ஜெட்டிக்கு மேலே மேட்டில் ஒரு தகரக் கூரை வீடு. மதராஸிலிருந்து அவர் அழைத்து வந்த வள்ளி இப்போது எட்டாம் வகுப்பு. அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். தப்பாகப் போட்டால், "நாட்டுக்கு ஆபத்து வந்தா இப்பிடித்தான் கூட்டுவியா?" என்று அதட்டினார். அவள் பயப்படவே இல்லை.

அவள் தண்ணீர் எடுக்கப் போனபோது கேட்டுவிட்டேன். "ஏன் சார் அப்படி எழுதினீங்க? நீங்க அதப் பாக்கவே இல்லியே."

வள்ளியின் கணக்கு நோட்டை மூடி வைத்தார்.

"அத்தன பேருக்கு ஏற்பாடு பண்ணேன் தம்பி. ஒருத்தரையாச்சும் கரையேத்தணுமில்ல?"

இப்போது மாதம் ஒரு கடிதம் எழுதுகிறேன். தப்பு இருந்தால் சிவப்பு மையில் திருத்தி, என் கடிதத்தையே எனக்குத் திருப்பி அனுப்புகிறார். சந்திப்பிழை, தேதிப்பிழை, மரியாதைப்பிழை எதுவும் தப்புவதில்லை. மூன்று கடிதங்களாக 'சார்' என்பதை விட்டுவிட்டு, 'அன்புள்ள பெரியப்பா' என்று தொடங்குகிறேன். அதை மட்டும் அவர் திருத்தவில்லை.