அங்கிளின் மானும் என் சந்தனமும்

ஒரு பெண்ணின் அப்பாவிடம் நல்ல பெயர் எடுக்கவேண்டும் என்று வந்துவிட்டால், ஆண்பிள்ளை எந்தத் துறையிலும் நிபுணனாகிவிடுவான். நான் மான் வேட்டை நிபுணன் ஆனேன். அதுவரை நான் பார்த்த ஒரே மான், லண்டன் வெம்பிளிக் கடை நாட்காட்டியில் வள்ளிக்குப் பக்கத்தில் நின்றது.

தர்சினியின் அப்பா இல்ஃபோர்ட்டில் இருந்தார். வேலைத்தலத்து வெள்ளைக்கார நண்பர்களோடு சேர்ந்து, முறைப்படி லைசன்ஸ் எடுத்து, கென்ட் பக்கத்துக் காட்டில் மான் சுடுவது அவருடைய பொழுதுபோக்கு. தர்சினியும் நானும் விரும்பி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவருக்கு நான் மகளுடைய ‘ஃப்ரெண்ட்’ மட்டும்தான். ஒருநாள் தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னார்:

“தம்பி, நீர் கொம்பியூட்டர் படிச்சனீர்தானே? எனக்கு லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் ஒண்டு வாங்கவேணும். நல்லதாப் பாத்துச் சொல்லும்.”

கண்ணில் வைத்துப் பொத்தானை அமத்தினால், மான் எத்தனை மீற்றர் தள்ளி நிற்கிறது என்று காட்டும் கருவி அது. பார்த்துச் சொல்லும் என்றுதான் கேட்டார். நான் வாங்கியே கொடுப்பது என்று முடிவெடுத்தேன். (அந்த வயதில் சொன்னதை மட்டும் செய்யத் தெரியாது.)

மூன்று கிழமை இரவு பகலாக இந்தக் கருவிகளைப் பற்றியே படித்தேன். கோல்ஃப் விளையாடுகிறவர்களுக்கான கருவி முதலில் எது படுகிறதோ அதன் தூரத்தைச் சொல்லும். வேட்டைக்கானது முன்னால் நிற்கும் இலையையும் கிளையையும் விட்டுவிட்டு, பின்னால் நிற்கும் மானைப் பிடிக்கும். இந்த வித்தியாசத்தை ஒரு ரயில் பயணம் முழுக்கத் தர்சினிக்கு விளக்கினேன்.

“சரி, எங்கடை கலியாண விசயத்தை அப்பாட்டை எப்ப கேக்கப்போறீங்கள்?” என்றாள்.

“முதல் மான் விழட்டும். அவர் சந்தோசமா இருக்கேக்கை கேக்கிறன்.”

கடைக்காரர் எங்கே வேட்டையாடுகிறாய் என்று கேட்டார். பதற்றத்தில் “இல்ஃபோர்ட்” என்றேன்; வீடும் கடையும் தவிர வேறொன்றும் இல்லாத ஊர். மனுசன் என்னை வாசலுக்குக் கூட்டிச்சென்று, தெருமரத்துக் கிளைகளுக்கு ஊடாகப் பஸ் தரிப்பிடத்தைக் குறிபார்க்கச் சொன்னார். நாலு கருவிகள் மரத்தை அளந்தன. ஐந்தாவதுதான் தரிப்பிடத்தை அளந்தது: எண்பத்தி நாலு மீற்றர். அதையே எடுத்தேன். தெரிவில் ஒரு பிழையும் இல்லை என்று இன்றைக்கும் நெஞ்சில் கை வைத்துச் சொல்வேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். புதுக் கார் வாங்கினால் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்கிறோமே, இதற்கும் செய்தால் என்ன என்று தோன்றியது. தர்சினியிடம் அப்பாவின் நட்சத்திரத்தைக் கேட்டறிந்து, பிள்ளையார் கோயிலில் அவர் பெயருக்கு அர்ச்சனை போட்டேன்.

“என்ன தம்பி, கமெராவோ?” என்றார் ஐயர்.

“இல்லை ஐயா. தூரம் பாக்கிறது.”

“என்னத்தின்ரை தூரம்?”

பிள்ளையாருக்கு முன்னால் மான் என்று சொல்ல வாய் வரவில்லை. “பொதுவா, ஐயா,” என்றேன்.

ஐயர் கருவிக்கு முகம் எதுவென்று கொஞ்சநேரம் தேடினார். கண்டுபிடிக்க முடியாமல் இரண்டு பக்கமும் தாராளமாகச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். நான் கண்ணாடிகளை மட்டும் துடைத்துவிட்டு, விளிம்பில் இருந்ததை மங்களமாக விட்டுவைத்தேன்.

கருவியைக் கையில் கொடுத்து விசயத்தைச் சொன்னதும் தர்சினியின் அப்பா, அதாவது என் அங்கிள், உருகிப்போனார். “என்ரை பெயருக்கு அர்ச்சனையோ! சனிக்கிழமை நீரும் வாருமன்,” என்றார். அந்தக் கிழமை முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை.

சனிக்கிழமை காட்டில் தூறல். நெடுநேரம் காத்திருந்தபிறகு, புதருக்குப் பின்னால் ஒரு மான் வந்து நின்றது. அங்கிள் கருவியைக் கண்ணில் வைத்தார். விரலால் துடைத்தார். மறுபடி வைத்தார்.

“தம்பி, ஒரே சிவப்பாக் கிடக்கு,” என்று கிசுகிசுத்தார்.

விளிம்பில் இருந்த மங்களம் மழையில் கரைந்து இறங்கி, அவர் துடைத்த துடைப்பில் கண்ணாடி முழுக்கப் பரவியிருந்தது. நான் பாய்ந்து வாங்கப்போய், சருகில் வழுக்கித் தடாரென்று விழுந்தேன். மான் போய்விட்டது. அங்கிள் திரும்பினார். வலக்கண்ணைச் சுற்றிச் செக்கச்செவேலென்று ஒரு வட்டம். இரத்தம் என்று நினைத்த நண்பர் ஒருவர் முதலுதவிப் பெட்டியோடு ஓடிவந்தார்.

அங்கிளின் காரில் இல்ஃபோர்ட் திரும்பினோம். இறங்கும்போது அங்கிள் சொன்னார்: “தம்பி, நீர் நல்ல பிள்ளை. ஆனால் ஒரு விசயத்தை அதின்ரை பாட்டுக்கு விட உமக்கு ஏலாது.”

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் அதைச் சொன்னார் என்பது எனக்கு வருடங்கள் கழித்துத்தான் விளங்கியது. அந்த இடத்திலேயே கேட்டிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டு ரயிலேறினேன். தர்சினியின் மெசேஜ் வந்தது: “கேட்டீங்களோ?”

“மான் ஓடிட்டுது,” என்று அனுப்பினேன்.

அதற்குப் பிறகும் ஒரு வருடம் நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவளுக்கு வேறிடத்தில் பேசி முடித்துவிட்டார்கள். சந்தனத்தில் பழி போட்டு என்ன பயன்? வாயைத் திறக்காதவன் நான். இன்றைக்கும் இல்ஃபோர்ட் ஸ்டேஷனில் ரயில் நின்றால், இறங்கி நடந்துவிடலாமா என்று மனம் கிடந்து அடித்துக்கொள்ளும்.

போன வருடம் ஒரு கல்யாண மண்டபத்தில் தர்சினியைக் கணவரோடு கண்டேன். அவள் என் பெயரைச் சொன்னதும் அந்த மனுசன் என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

“பிரதீபன் அண்ணை நீங்களோ! மாமா தேத்தண்ணி குடிக்கேக்கை மூக்குக்கண்ணாடியிலை ஆவி படிஞ்சால், ‘பிரதீபன் பூசிட்டான்’ எண்டுதான் சொல்லுவார். இப்ப எங்கடை வீட்டிலை எல்லாரும் அப்பிடித்தான். ஒவ்வொரு நாளும் உங்கடை பெயர்தான், அண்ணை!”

தர்சினி சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த வீட்டில் நாள்தோறும் என் பெயர் ஒலிக்கவேண்டும் என்று ஒரு காலத்தில் நான் வைக்காத நேர்த்திக்கடன் இல்லை. பிள்ளையார் ஒரு குறையும் வைக்கவில்லை.