இந்த வருஷம் பெட்டியிலிருந்து எழாதவன்

மிண்டெலோ,
சாம்பல் புதனுக்கு மறுநாள்

ரோட்டர்டாமில் இருக்கும் அன்பு அக்கா எவுஜேனியாவுக்கு, தம்பி அர்மிந்து பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே ஒருவர் நீங்கலாக அனைவரும் சுகம். உன் முழங்கால் வலியும் அத்தானின் இருமலும் ஆண்டவர் கிருபையால் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நம் தம்பி டிட்டினோ செத்துப்போனதைத் திங்கட்கிழமை போனில் சொன்னேன். நேற்று நீ கூப்பிட்டு, "அவனுக்காக ஒருத்தராவது ஒழுங்கா அழுதாங்களாடா?" என்று கேட்டாய். எல்லாம் கௌரவமாக நடந்தது, லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. அவன் சவப்பெட்டிக்குப் பின்னால் ஐந்நூறு பேர் ஆடிக்கொண்டு போவதை எவனோ வீடியோ எடுத்து ஊரெல்லாம் அனுப்பியிருக்கிறான். கடிதம் வீடியோவை முந்தாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அதைப் பார்த்து நீ என்னைச் சபிக்கும்போது என் பக்கத்து நியாயமும் உன் கையில் இருக்கட்டும்.

நீ கப்பலேறிய பிறகுதான் அவனுக்கு இந்தப் பைத்தியம் முற்றியது. கார்னிவல் முடிந்த முதல் ஞாயிறு, உடம்பெல்லாம் கரியும் எண்ணெயும் பூசி வேஷம் கட்டும் மந்திங்காக்கள் கார்னிவல் செத்துவிட்டதென்று அதைப் பெட்டியில் வைத்துக் கடலுக்குத் தூக்கிப்போவார்களே, அந்தப் பெட்டிக்குள் பிணமாகப் படுப்பது பதினோரு வருஷமாக நம் டிட்டினோதான். ஊரே பொய்யாக ஒப்பாரி வைக்கும். தண்ணீரில் பெட்டியைச் சாய்த்ததும் இவன் துள்ளி எழுந்து கூட்டத்தைத் துரத்துவான். துறைமுகத்தில் முப்பத்தாறு வருஷம் எடைக் கணக்கராக இருந்து மரியாதை சம்பாதித்த நான், ஒவ்வொரு வருஷமும் அந்த ஞாயிறு ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

திங்கள் காலை கொட்டகையில் ராஜா வேஷத்துக்கு இறகு ஒட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே தலையைச் சாய்த்தான். நெஞ்சு நின்றுவிட்டது. கூட இருந்தவர்கள் அரை மணி நேரம் சிரித்திருக்கிறார்கள். "நல்லா நடிக்கிறான், ஞாயித்துக்கிழமைக்கு மிச்சம் வைடா" என்று ஒருவன் காலைக்கூடச் சுரண்டினானாம். கையிலிருந்த பசை காய்ந்த பிறகுதான் சந்தேகம் வந்திருக்கிறது. நம் ஊரில் மறுநாளைக்குள் அடக்கம் பண்ணியாக வேண்டும், மறுநாளோ கார்னிவல் செவ்வாய், தெருவெல்லாம் அடைப்பு, கல்லறை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள், பெட்டி தூக்க ஆள் தேடினால் அவனுக்கு இருந்த நண்பர்கள் மந்திங்காக்கள்தான், அவர்களோ விடியும்போதே கரி பூசிவிட்டார்கள், அது சோப்புக்குப் போகிற கரியா, எனவே புல் பாவாடைக்கு மேலே கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு நாலு பேர் வந்து நின்றார்கள். நான் வேண்டாமென்றா சொல்ல முடியும்.

லிஸ்பன் தெரு முனையில் போலீஸ்காரர் தடுத்தார். "அண்ணே, உங்க முறை ஞாயித்துக்கிழமை. இன்னிக்கு என்ன அவசரம்?" என்றார். இறப்புச் சான்றிதழை நீட்டினேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "முத்திரைகூட வெச்சிருக்கீங்களே" என்று சிரித்து, ஊர்வலத்துக்கு நடுவிலேயே எங்களை விட்டுவிட்டார். முன்னால் ஜெபம் சொல்லிக்கொண்டு போன பாதிரியாரின் முதுகில் தட்டி, வேஷம் பிரமாதம் என்றார்கள். டிட்டினோ பெண்டாட்டி பியா தலைமுடியைப் பிய்த்துக்கொண்டு அழுதாள். கைதட்டினார்கள், அக்கா. "இந்த வருஷம் அழுகை ரொம்ப இயற்கையா இருக்கு" என்று மேல் மாடியிலிருந்து ஒருத்தி சொன்னது என் காதிலேயே விழுந்தது. "ஐயா, நிஜமாவே செத்துட்டான், சத்தியமா செத்துட்டான்" என்று நான் கத்தக் கத்த, எனக்கும் சேர்த்துத் தட்டினார்கள். கத்தாமலாவது இருந்திருக்கலாம். மேளம் சேர்ந்துகொண்டது. அவன் எப்போது எழுந்து துரத்துவான் என்று பார்க்க ஊரே பின்னால் வந்தது.

கல்லறை வரைக்கும் வந்தார்கள். பெட்டி குழிக்குள் இறங்கியது. "போதும்டா டிட்டினோ, நாங்க ஓடத் தயார்" என்று ஒருவன் குனிந்து சொன்னான். எல்லாரும் ஓடுவதற்கு வாகாகச் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்கள். பாதிரியார் முதல் பிடி மண்ணைப் போட்டார். அப்போதும் மேளம் அடித்தது. வெட்டியான் மண்வெட்டியால் தள்ள ஆரம்பித்தான், மூடியில் மண் விழுகிற சத்தம் கேட்டது, மேளக்காரன் கை தானாக நின்றது. மீன் விற்கிற லுர்தியைத் தெரியுமில்லையா, வருஷா வருஷம் பொய் ஒப்பாரிக்கு அவள்தான் தலைவி. அவள் குழிக்குள் எட்டிப் பார்த்து, மெதுவாக, "என்னடி இது, இவன் எந்திரிக்கல" என்றாள். அதற்கப்புறம் அவள் அழுத அழுகையை நான் எழுத முடியாது. ஐந்நூறு பேரும் செருப்பைக் கையில் பிடித்தபடி அழுதார்கள்.

நீ கேட்டதற்கு அதுதான் பதில். நான் மட்டும் அழவில்லை. சான்றிதழ் மடங்காமல் பிடித்துக்கொண்டு நின்றேன். நேற்று கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசி வந்து, வழக்கப்படி தேங்காய்ப்பால் மீனும் கூஸ்கூஸும் மூன்று தட்டு சாப்பிட்டேன். வருகிற ஞாயிறு அந்தக் கூத்துக்கும் நம் குடும்பத்துக்கும் சம்பந்தமில்லை என்று மந்திங்காக்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். பொய்ப் பெட்டியை அடுப்புக்கு உடைக்கச் சொல்லியாயிற்று. இனி நம் பெயர் தெருவில் அடிபடாது.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தங்கள். உன் கையை என் தலைமேல் வைத்ததாக நினைத்து ஆசி கேட்கும்,

தம்பி அர்மிந்து

பி.கு.: இதை இன்னும் தபாலில் போடவில்லை. இன்று ஞாயிறு சாயங்காலம். மதியம் மந்திங்காக்கள் வாசலில் வந்து நின்றார்கள். பெட்டியை யாரும் உடைக்கவில்லை. "வெறும் பெட்டியத் தூக்கக் கை வரலண்ணே" என்றார்கள். உள்ளே படுக்க ஊரில் ஒருவனுக்கும் தைரியமில்லையாம். நான் கோட்டைக் கழற்றினேன். எனக்கும் கரி பூசிவிட்டார்கள். மூச்சு விட அவன் போட்டிருந்த இரண்டு ஓட்டை என் மூக்குக்குச் சரியாக இருந்தது. கடலில் சாய்த்தபோது முட்டி மாட்டிக்கொண்டு, எழ நேரமாகிவிட்டது. வெளியே ஒரு சத்தமில்லை, யாருமே சிரிக்கவில்லை. பிறகு எழுந்துவிட்டேன், அக்கா. லுர்தி போட்ட கூச்சல் துறைமுகம் வரை கேட்டிருக்கும். எல்லாரையும் துரத்தினேன். அந்த வீடியோவும் உனக்கு வரும். அதில் என் முகத்தில் வழிவது கடல் தண்ணீர் என்று இங்கே எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன்.