செட்டிபாளையத்து ஐதரசன்

பயந்த சுபாவமுள்ள ஒருத்தி கொஞ்சம் இரசாயனவியலும் படித்திருந்தால், அவளைப் பால் காய்ச்சும் வீட்டுக்குக் கூப்பிடக்கூடாது. எங்கள் விஷயத்தில் அதற்கு வழியில்லை. வீடு என்னுடையது.

செட்டிபாளையத்தில் கட்டிய புதுவீட்டுக்கு மறுநாள் குடிபுக வேண்டும். மகளை மடியில் தூங்கவைத்தபடி கைப்பேசியில் ஒரு கட்டுரை படித்தேன். நிலத்தின் ஆழத்தில், இரும்புள்ள பாறையோடு தண்ணீர் சேர்ந்தால் ஐதரசன் வாயு தானாக உருவாகுமாம். எரித்தால் புகை இல்லை, மிஞ்சுவது தண்ணீர்தான். ஆபிரிக்காவில் கிணறு தோண்டிய இடத்தில் அது தீப்பற்றி, பிற்பாடு அந்த ஊருக்கே மின்சாரம் தந்ததாம். நிறமில்லை, மணமில்லை. (மணமில்லை என்ற இடத்தில் எனக்கு வியர்த்தது.)

காலையில் கணவரின் அம்மாவான மாமி முன்வாசலில் அடுப்புக் கூட்டினார். நான் பின்வளவில் குழாய்க் கிணற்று மோட்டரைப் போட்டேன். தண்ணீரோடு குமிழ் குமிழாக ஏதோ வந்தது. முகர்ந்து பார்த்தேன். மணமே இல்லை!

"மாமி, நெருப்பு வெக்காதீங்க! கிணத்தில ஐதரசன் வருது, வெடிக்கும்!"

"என்னகா புள்ள இது? நல்லநேரம் முடியப்போகுது."

மகளையும் தூக்கிக்கொண்டு, வெல்லாவெளியிலிருந்து தட்டங்களோடு வந்த சொந்தக்காரர் எல்லோரையும் றோட்டில் இறக்கினேன். கணவர் மட்டும் அசையவில்லை.

"அது ஐதரசன்தான் எண்டு என்னெண்டு தெரியும்?"

"போத்தலில பிடிச்சு நெருப்புக் காட்டினா 'பொப்' எண்டு சத்தம் வரும்."

"வெடிக்குமெண்டு எல்லாரையும் றோட்டில விட்டுப்போட்டு, நீ கொளுத்தப் போறியா?"

நியாயமான கேள்வி. மகளை மாமியிடம் கொடுத்துவிட்டு, அவளின் பால்போத்தலை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். வாளித் தண்ணீரில் அதைக் கவிழ்த்து, குமிழ்களைப் பிடித்தேன்.

"நெருப்பு வேணுமா மகள்? இந்தா."

கணவரின் சித்தப்பா. மோட்டர் மேடைக்குப் பின்னால் சாய்ந்து, சிகரெட்டோடு இருந்தார்.

"ஐயோ சித்தப்பா, எப்ப தொட்டு இதில இருக்கிறீங்க?"

"விடியத் தொடக்கம். இது மூணாவது."

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் பரிசோதனையைப் பாதியில் விடக்கூடாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்திருந்தார்கள். லைட்டரைப் போத்தலின் வாயில் பிடித்தேன். சத்தம் வரவில்லை. பிளாஸ்டிக் மணம் வந்தது. போத்தலின் வாய் மெல்லக் கோணியது.

கணவர் வந்து மோட்டர் பைப்பின் இணைப்பை இறுக்கினார். குமிழ் நின்றது. தளர்ந்திருந்த அந்த இடத்தால் காற்று இழுத்திருக்கிறது. பாறை வேண்டுமென்றால் உன்னிச்சைப் பக்கம் போகவேண்டும், செட்டிபாளையத்தில் எங்கே தோண்டினாலும் மணல்தான் என்பதெல்லாம் எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இராகுகாலத்தில் பால் பொங்கியது. மகள் பசியில் கத்தினாள். கொண்டுவந்தது அந்த ஒரு போத்தல்தான். மாமி கரண்டியால் பால் பருக்கினார். ஒன்றும் சொல்லவில்லை. (சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.)

பிறகு சொன்னார், தவணை முறையில். கூரை ஒழுகினாலும், குளிர்சாதனப்பெட்டி நின்றாலும் "நல்லநேரத்தில காச்சியிருந்தா..." என்று தொடங்குவார். கோணிய போத்தலை அவரே கழுவி, வரவேற்பறைக் கண்ணாடி அலுமாரியில் வைத்தார்.

மகள் இப்போது பாலர் பாடசாலைக்குப் போகிறாள். வீட்டுக்கு யார் வந்தாலும் அதைக் காட்டி விளக்கம் சொல்வாள்:

"இது அம்மா கண்டுபிடிச்ச ஐதரசன். உள்ளுக்க ஒண்டுமே இல்ல."

உள்ளே காற்று இருக்கிறது என்று திருத்த எனக்கு வாய் துடிக்கும். அதை விட்டுப் போய்த் தேநீர் போடுவேன். அடுப்பைப் பற்றவைக்க முன்னர், யன்னலைத் திறந்துவிட்டு.