கூட்டமே இல்லாத கொண்டாட்டம்

"ஆயிரத்தைந்நூறு டிக்கெட்தானேய்யா வித்தோம்? உள்ளே என்ன இப்படி ஈசல் மாதிரி மொய்க்குது?" என்று வயர்லெஸ்ஸில் மேனேஜர் கத்தினார்.

கத்தலை வாங்கிக்கொண்டிருந்தவர் அந்தத் தீம் பார்க்கின் வரிசை மேற்பார்வையாளர். எங்கே கூட்டம் சேர்ந்தாலும் நாலு கம்பத்தை நிறுத்தி, சிவப்புக் கயிறு கட்டி, ஜனங்களை நெளிநெளியாக நிற்க வைப்பது அவர் உத்தியோகம். அதனால் அங்கே வேலை செய்யும் இருநூற்று முப்பது பேருக்கும் அவர் 'கயிறு சார்'தான். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பதில்லை.

விடுமுறை வாரத்தின் கடைசி நாள் அன்று. 'கூட்டமே இல்லாத கொண்டாட்டம்' என்று ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். ஐயாயிரம் பேர் வந்து முட்டி மோதும் இடத்தில் ஆயிரத்தைந்நூறு பேருக்கு மட்டும் டிக்கெட். காலாற நடக்கலாம், காத்திருக்காமல் ராட்டினம் ஏறலாம், போட்டோ எடுத்தால் பின்னால் அடுத்தவர் முழங்கை தெரியாது. போஸ்டரில் இருந்த குடும்பம் அப்படித்தான் தன்னந்தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

மணி ஒன்பதே முக்கால்கூட ஆகவில்லை. அதற்குள் உள்ளே எள் போட இடமில்லை.

"நான் பார்த்துக்கிறேன் சார்."

"பார்க்கிறதுக்கு என்னய்யா இருக்கு? டிக்கெட்டை செக் பண்ணு. இல்லாதவனை வெளியே அனுப்பு. அவனை உள்ளே விட்டவன் எவனோ, அவனையும் சேர்த்து அனுப்பிடலாம். நாளையிலேருந்து வர வேண்டாம்."

கயிறு சார் வயர்லெஸ்ஸைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். காலை எட்டு மணிக்குக் காய்கறி வண்டி வரும் பின்வாசல் வழியாகப் பன்னிரண்டு பேரை டிக்கெட் இல்லாமல் உள்ளே கூட்டி வந்தவர் அவர்தான்.

எல்லாம் சகலையால் வந்த வினை. மனைவியின் அக்கா புருஷனான சகலை டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். போன வருஷம் மாமனார் குடும்பம் மொத்தத்தையும் மூன்று நாள் கப்பலில் கூட்டிப் போய் வந்தார். அன்றிலிருந்து மாமனார் வீட்டில் ஃபேனுக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலி சகலைக்கு என்று ஆகிவிட்டது. கயிறு சாருக்குச் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். ஒரு நாள் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தபடி அவர் வாயை விட்டார்.

"எல்லாரும் நம்ம பார்க்குக்கு வாங்க. டிக்கெட்டாவது ஒண்ணாவது! நான் கயிறைத் தூக்கினா அதுதான் வழி."

வந்துவிட்டார்கள். மனைவி, இரண்டு பெண்கள், மாமனார், மாமியார், சகலை, சகலையின் மனைவி, மூன்று பிள்ளைகள், போதாததற்குச் சகலையின் தங்கையும் அவள் புருஷனும். பின்வாசல் காவலாளி இவர்களைக் கண்டதும் மழை வருமா என்று பார்ப்பவர் போல அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். பன்னிரண்டாவது ஆள் தாண்டிய பிறகுதான் தலையை இறக்கினார். பாவம், காலையிலிருந்தே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார் போலிருக்கிறது, பிடரியைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

ஆக, டிக்கெட் செக்கிங் என்று ஆரம்பித்தால் முதலில் மாட்டுவது மாமியார். அதைத் தவிர வேறு எந்த வழியாக இருந்தாலும் பரவாயில்லை என்று கயிறு சார் முடிவு செய்தார்.

முதலில் குட்டி ரயில். அங்கே ஒரே தள்ளுமுள்ளு. நடுவில் சகலை, கைக்குட்டையால் விசிறிக்கொண்டு நின்றார்.

"என்ன சகலை, கூட்டமே இல்லாத கொண்டாட்டம்னீங்க?"

"இது கூட்டம் இல்ல சகலை. காலையில எல்லாரும் ஒண்ணா வருவாங்க. அப்புறம் கலைஞ்சிடும்."

"நாங்க கப்பல்ல போனப்ப..."

"இதோ, ரெண்டு நிமிஷம்!"

கம்பங்களை உருட்டி வந்து, மூன்று மடிப்பாக இருந்த வரிசையை ஆறு மடிப்பாக்கினார். பார்க்கவே லட்சணமாக இருந்தது. அதுதான் வம்பாகப் போயிற்று. தூரத்தில் சும்மா நின்றவர்களெல்லாம் கயிற்றைப் பார்த்துவிட்டு ஓடி வந்து நின்றார்கள்.

"இந்த வரிசை எதுக்குங்க?" என்று ஒரு அம்மாள் முன்னால் இருந்தவரைக் கேட்டார்.

"தெரியலீங்க. ஆறு மடிப்புக் கட்டியிருக்காங்களே, ஏதோ பெரிசா இருக்கும்."

பத்து நிமிஷத்தில் ஆறு மடிப்பும் நிரம்பி, வால் கழிப்பறை வரை போய்விட்டது. கழிப்பறைக்குப் போக வந்தவர்கள் ரயில் வரிசையில் நின்றார்கள். ரயிலுக்கு வந்தவர்கள் கழிப்பறைக்குள் போய், திருதிருவென்று விழித்துக்கொண்டு வெளியே வந்தார்கள்.

வயர்லெஸ் மறுபடி அலறியது. "செக் பண்றியாய்யா?"

"பண்ணிக்கிட்டே இருக்கேன் சார்!"

இடையிடையே யார் யாரோ வேறு 'சார், சார்' என்று கூப்பிட்டார்கள். ஒரு மனுஷன் எத்தனை பேருக்குப் பதில் சொல்வது? வயர்லெஸ்ஸின் காதைத் திருகி அணைத்துப் பாக்கெட்டில் போட்டார். உடனே கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

அடுத்து கரடி. ஜனங்கள் ஒரே இடத்தில் குவிவதுதானே பிரச்சினை? இங்கிருந்து பாதிப் பேரைக் குளத்துக்கு அந்தப் பக்கம் இழுத்துவிட்டால் தீர்ந்தது. கரடி வேஷம் போடும் ஆளைக் கூப்பிட்டு, "குளத்துக்கு அந்தாண்ட போய் ஆடு. நல்லா ஆடு!" என்று அனுப்பினார்.

கரடி நன்றாகவே ஆடியது. பாதிப் பேர் என்ன, முக்கால்வாசிப் பேர் அதன் பின்னாலேயே கிளம்பினார்கள். குளத்தைத் தாண்ட ஒரே ஒரு மரப்பாலம். நாலு பேர் ஒன்றாக நடந்தால் தோள் இடிக்கும். அதில் அத்தனை பேரும் ஏறினார்கள். குழந்தைகள் "மாமா! மாமா!" என்று கூவிக்கொண்டு கரடியின் கால்களைக் கட்டிக்கொண்டன. ஒரு வாண்டு "சித்தப்பா, என்னைத் தூக்கு!" என்றது.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத்தான் கரடி மேல் எவ்வளவு பாசம் என்று கயிறு சார் நினைத்துக்கொண்டார்.

"சார், என்னால திரும்ப முடியல," என்றது கரடியின் வயிற்றிலிருந்து ஒரு குரல். "வாலை வேற யாரோ மிதிச்சுக்கிட்டு நிக்கிறாங்க."

பாலம் அடைத்துக்கொண்டது. அந்தப் பக்கம் போனவர்கள் வர முடியவில்லை, இந்தப் பக்கம் நிற்பவர்கள் போக முடியவில்லை. போன அவசரத்தில் கணவன் அங்கே, மனைவி இங்கே என்று பிரிந்தவர்கள் குளத்துக்கு இரண்டு பக்கமும் நின்று தண்ணீர் பாட்டில் யாரிடம் இருக்கிறது என்று சண்டை போட்டார்கள்.

கயிறு சார் கையைப் பிசைந்தார். பிறகு ஒலிபெருக்கி அறைக்கு ஓடினார். இந்த முறை அவருக்கு உதித்தது அவரே மெச்சிக்கொண்ட யோசனை.

"அன்பான பார்வையாளர்களே! இப்பவே வீட்டுக்குக் கிளம்பறவங்க இன்னிக்கு வாங்கின டிக்கெட்டைத் தகவல் மையத்துல காட்டினா, ஒரு டிக்கெட்டுக்கு ரெண்டு டிக்கெட், வேற எந்த நாள் வேணும்னாலும் வரலாம். மறுபடி சொல்றேன், ஒண்ணுக்கு ரெண்டு!"

பூங்கா முழுக்கக் கேட்டது. ஒருவர் அசையவில்லை. தகவல் மையத்துப் பெண் புது டிக்கெட் கட்டுகளை எடுத்து அடுக்கி வைத்துக்கொண்டு இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். ஒரு ஈ வந்து உட்கார்ந்து போனது.

மூச்சு முட்டும் நெரிசலில்கூட ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு வேண்டாம் என்கிறார்களே, இந்த இடத்தின் மேல் ஜனங்களுக்கு இவ்வளவு பற்றா என்று அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

ஒரே ஒருவர் மட்டும் வந்தார். சகலை.

"நல்ல ஆஃபரா இருக்கே. இந்த நெரிசல் நமக்கு ஆகாது. பன்னெண்டு டிக்கெட்டையும் கொடுங்க சகலை, இருபத்து நாலா வாங்கிக்கிட்டுப் போயிடலாம்."

"அது... நம்ம பேருக்கு டிக்கெட் கிடையாது சகலை. நாம வி.ஐ.பி."

"ஓ." சகலை ரயில் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். மாமியார் அதன் நாலாவது மடிப்பில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வி.ஐ.பி.க்கு டிக்கெட் கிடையாது, வரிசை மட்டும் உண்டா?"

அந்தப் பக்கமாக வந்த மாமனார் வாய்விட்டுச் சிரித்தார். கயிறு சாரின் முகத்தில் ஈயாடவில்லை. மனைவி அவர் காதருகே வந்து, "ஏங்க, அக்கா முன்னாடி என் மானத்தை வாங்காதீங்க. எதையாவது செய்யுங்க," என்றாள். அவருக்கு அவமானமாக இருந்தது. ஸ்டூலே தேவலை என்று பட்டது.

அந்தச் சமயத்தில்தான் பாலத்திலிருந்து "அப்பா!" என்ற குரல் கேட்டது. அவருடைய சின்னப் பெண். எப்போது கரடியின் பின்னால் போனாளோ தெரியவில்லை. ஏழு வயசு உடம்பு, கம்பித் தடுப்புக்கும் யாருடைய முதுகுக்கோ நடுவில் நசுங்கிக்கொண்டிருந்தது. முகம் மட்டும் வெளியே தெரிந்தது. அழக்கூட இடமில்லாமல் விழித்துக்கொண்டிருந்தாள்.

கயிறு சார் வரிசை, மடிப்பு எதையும் பார்க்கவில்லை. முழங்கால் தண்ணீரில் இறங்கி நடந்து, எக்கி, அவளைத் தடுப்புக்கு மேலே தூக்கி இழுத்துக்கொண்டார். அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவளை இறக்கிவிடாமலே அவர் கரையைப் பார்த்து நடந்தார். காலையிலிருந்து தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்ததில் பெற்ற பெண்ணையே பறிகொடுத்திருப்போம் என்று தோன்றியது. இனிமேல் வேலையாவது, சகலையாவது.

கரைக்கு வந்தால் மேனேஜரே நேரில் நின்றார்.

"வயர்லெஸ்ஸை ஏன்யா அணைச்சே? வா, மேடைக்கு. மைக்கைப் பிடி. டிக்கெட்டைக் கையில தூக்கிக் காட்டச் சொல்லு. நான் பார்த்துக்கிறேன்." பிறகு கொஞ்சம் குரலைத் தணித்து, "ரெஸ்டாரன்ட் பக்கம் மட்டும் போக வேண்டாம். அங்க கொஞ்சம் வயசானவங்க உட்கார்ந்திருக்காங்க. தொந்தரவு பண்ணக் கூடாது," என்றார்.

மேடை ஏறினார்கள். சொட்டச் சொட்ட நனைந்த பேண்ட்டோடு, இடுப்பில் பெண்ணோடு கயிறு சார் மைக்கின் முன் நின்றார். கீழே தலைகள். ஆறு மடிப்பிலும் தலைகள். எதிரிலேயே சகலை கைகட்டி நின்றார்.

"சொல்லுய்யா!" என்றார் மேனேஜர்.

"சார், டிக்கெட் செக்கிங் வேண்டாம் சார்."

"ஏன்?"

"தப்பு பண்ணினது நான்தான் சார். காலையில பின்வாசல் வழியா, டிக்கெட் இல்லாம, என் வீட்டு ஆளுங்க பன்னெண்டு பேரை நான்தான் உள்ளே விட்டேன். சகலை முன்னாடி பெருமை அடிச்சுக்கணும்னு விட்டேன். அவங்க மேல தப்பு இல்ல. என்னை என்ன வேணா பண்ணிக்கங்க, முதல்ல இந்தக் கூட்டத்தைக் குறைங்க. என் பொண்ணு நசுங்கிச் செத்திருப்பா சார்."

மைக் போட்டிருந்தது. கடைசி எழுத்து வரை பூங்கா முழுக்கக் கேட்டது.

அன்று காலையிலிருந்து முதல் முறையாக அங்கே சத்தம் அடங்கியது. ராட்டினம் ஓட்டுபவர் ராட்டினத்தை நிறுத்திவிட்டுத் தன் செருப்பைப் பார்த்தார். கேன்டீன் சமையல்காரர் மெல்லக் குனிந்து மேசைக்குப் பின்னால் மறைந்தார். குளத்துக்கு அந்தப் பக்கம் கரடி, தலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றது. மேனேஜர் எதையோ சொல்ல வாயைத் திறந்தார், ரெஸ்டாரன்ட் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

சகலை மட்டும் ஓரடி முன்னால் வந்து, "குழந்தையை இப்படிக் கொடுங்க சகலை, பேண்ட்டெல்லாம் ஈரம்," என்று கையை நீட்டினார். அதில் கிண்டல் இல்லை.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு, மூச்சு வாங்க ஒரு அம்மாள் மேடைப் பக்கம் வந்தார். மெயின் கேட்டில் டிக்கெட் கிழிப்பவர். அவரை அந்த வாசலில் போட்டதற்குக் காரணம், சொந்தபந்தம் என்று அவருக்கு இந்த ஊரில் ஒருவர்கூடக் கிடையாது என்பதுதான்.

"வயர்லெஸ்ல எத்தனை தடவை சார் உங்களைக் கூப்பிடறது?" என்றார் அவர். "கயிறு கட்டியாச்சுன்னு நீங்க சொல்லாம திறக்கக் கூடாதுன்னுதானே ரூல், டிக்கெட் வாங்கின ஆயிரத்தைந்நூறு பேரும் காலையிலேருந்து வெளியில நிக்கிறாங்க, இப்பவாவது மெயின் கேட்டைத் திறக்கட்டுமா?"